இருட்டில் நிற்கும் மரத்துக்கு எந்த வெளிச்சம்: ஃபிளாஷா, டார்ச்சா, எல்இடி பேனலா?

ட்ரைபாட் வாங்கியாயிற்று. ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்து வைக்கவும் பழகியாயிற்று. வானம் படத்தில் அழகாக வருகிறது. ஆனால் முன்னால் நிற்கும் மரமோ பாறையோ கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் கிடக்கிறது. இரவில் படம் எடுக்கக் கிளம்பிய எல்லாரும் ஒருநாள் வந்து நிற்கும் இடம் இது. அந்த மரத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். எதிலிருந்து?

கேமராவின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஃபிளாஷை இங்கேயே தள்ளிவிடலாம். லென்ஸ் பார்க்கும் திசையிலேயே வெளிச்சமும் போனால் நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மரப்பட்டையின் வெடிப்பு, கல்லின் சொரசொரப்பு எதுவும் தெரியாது. காற்றில் தூசியோ மூடுபனியோ இருந்தால் அதுதான் முதலில் வெள்ளையாக எரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரவேண்டும் என்பதில் இரவுப் படக்காரர்களுக்குள் சண்டை இல்லை. எந்த விளக்கு என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

நடைமுறையில் வழிகள் நான்கு. ஃபிளாஷைக் கையில் எடுத்துக்கொண்டு இருட்டில் நடந்துபோய் டெஸ்ட் பட்டனை அமுக்குவது. அதே ஃபிளாஷை ஸ்டாண்டில் நிறுத்தி ரேடியோ டிரிக்கரால் அடிப்பது. டார்ச் வெளிச்சத்தால் தூரிகைபோல் தடவுவது. மங்கலாக்கிய எல்இடி பேனலை ஓரமாக வைத்து, எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருந்து வெளிச்சம் பதிவது) முடியும்வரை எரியவிடுவது. நான்கையும் வைத்திருக்கிறேன், நான்கிலும் படங்களைக் கெடுத்திருக்கிறேன். எதை எடுப்பது என்பதை எனக்கு இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) எவ்வளவு, வெளிச்சம் படப்போவது அசைகிற பொருளா.

அது ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு வேண்டும். ஃபிளாஷ் முழு பலத்தில் அடித்தாலும் அந்த வெளிச்சம் ஒரு விநாடியில் சில நூறில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். பலத்தை 1/128க்கு இறக்கினால் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஷட்டர் 10 விநாடி திறந்திருந்தாலும் 10 நிமிடம் திறந்திருந்தாலும் ஃபிளாஷின் அந்த ஒரு வெட்டு, அதாவது ஒருமுறை மின்னுவது, மரத்துக்குத் தரும் வெளிச்சம் மாறாது. அதை மாற்றுபவை ஃபிளாஷின் பலம், தூரம், அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு, எஃப் எண்ணால் சொல்வது), ஐஎஸ்ஓ, இவ்வளவுதான். வானமோ ஷட்டர் நேரத்தைப் பொறுத்தது. ஆக, ஒரே சட்டகத்துக்குள் இரண்டு எக்ஸ்போஷர்கள் நடக்கின்றன. வானம் இருட்டாக இருக்கிறதா, ஷட்டர் நேரத்தைக் கூட்டலாம். மரம் வெளுத்துப்போகிறதா, ஃபிளாஷைக் குறைக்கலாம். ஒன்றைத் தொட்டால் மற்றது பெரும்பாலும் அசையாது. ஃபிளாஷ் எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

டார்ச்சும் கிட்டத்தட்ட இப்படியே. பலத்துக்குப் பதிலாக எத்தனை விநாடி காட்டினோம் என்பதை எண்ணவேண்டும். எல்இடி பேனல் மட்டும் வேறு ரகம். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க எரிவதால் அதுவும் நிலா வெளிச்சம் மாதிரிதான், வானத்தோடு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்.

இந்த வித்தியாசம் ஒரு பொறியையும் வைத்திருக்கிறது. நான்கு நிமிட எக்ஸ்போஷரை எடுத்த எடுப்பில் யாரும் எடுப்பதில்லை. ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி 4 விநாடியில் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்ப்போம். சரியாக இருந்தால் ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கி, நேரத்தை 64 மடங்காக்கி 256 விநாடி வைப்போம். வானம் சோதனைப் படத்தில் வந்ததுபோலவே வரும். எல்இடி பேனல் வெளிச்சமும் அப்படியே வரும். ஆனால் சோதனையில் கச்சிதமாக விழுந்த ஃபிளாஷ் வெளிச்சம் 64இல் ஒரு பங்காகிவிடும், ஆறு ஸ்டாப் நஷ்டம் (வெளிச்சம் ஒருமுறை பாதியானால் ஒரு ஸ்டாப் குறைவு, இரட்டித்தால் ஒரு ஸ்டாப் கூடுதல்). 'சோதனையில் நன்றாக வந்த மரம் எங்கே போயிற்று?' என்று நான் இரண்டு ராத்திரி குழம்பினேன். ஃபிளாஷுக்கான சோதனையை, கடைசியில் வைக்கப்போகும் ஐஎஸ்ஓவிலும் அப்பர்ச்சரிலும்தான் செய்யவேண்டும். அதற்கு ஷட்டர் ஒரு விநாடி திறந்தால் போதும். வானம் கறுப்பாக இருக்கட்டும், மரம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் சரி.

கையில் ஃபிளாஷ்

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இதற்கு இணை இல்லை என்பேன். முழுநிலா வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8 வைத்தால் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் வரை ஷட்டர் திறந்திருக்கும். நடந்துபோய் அடித்துவிட்டுத் திரும்பி வர நேரம் தாராளம். சாதாரண கையடக்க ஃபிளாஷ் ஒன்றின் கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்; எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம்), 35 மில்லிமீட்டர் ஜூம் நிலையில், ஐஎஸ்ஓ 100க்கு 36 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 400க்கு அது 72 ஆகும். 72ஐ 8ஆல் வகுத்தால் 9 மீட்டர். அதாவது முழு பலத்தில் ஒரே ஒரு வெட்டு, 9 மீட்டர் தூரத்து மரத்தைச் சரியாக வெளிச்சமாக்கும். கட்டடம் பெரிதா? இடப்பக்கம் ஒரு வெட்டு, பத்தடி நடந்து இன்னொரு வெட்டு, வாசலுக்குள் நுழைந்து ஒரு வெட்டு. ஒற்றை ஃபிளாஷ் நான்கு ஃபிளாஷின் வேலையைச் செய்துவிடும்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அடித்து வெளிச்சத்தைக் கூட்டலாம் என்று படிக்கும்போது சுலபமாகத் தெரியும். ஒரு வெட்டை இரண்டாக்கினால் ஒரு ஸ்டாப். இன்னொரு ஸ்டாப் வேண்டுமென்றால் நான்கு, அதற்கும் மேல் எட்டு. முழு பலத்தில் ஏஏ செல்கள் மறுபடி சார்ஜ் ஏற்ற மூன்று முதல் ஐந்து விநாடி எடுக்கும், வேகமாக அடித்துக்கொண்டே போனால் ஃபிளாஷ் சூடேறித் தானே நின்றுகொள்ளும். எட்டு வெட்டுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் நீங்கள் தப்பான தூரத்தில் நிற்கிறீர்கள். கிட்டே போங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. இரண்டு ஸ்டாப் இலவசம்.

கையில் எடுத்துப்போவதில் உள்ள தொல்லை நாமேதான். கறுப்பு உடையில் நகர்ந்துகொண்டே இருந்தால் கேமராவுக்கு நாம் தெரிய மாட்டோம் என்பது உண்மை. ஆனால் ஃபிளாஷுக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்று அடித்தால், வெளிச்சமான சுவரின்மேல் அச்சடித்ததுபோல் நம் உருவம் கறுப்பாக விழும். என்னுடைய முதல் நல்ல படம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றில், இடிந்த சுவர் ஒன்றின் ஓரத்தில் தொப்பையோடு ஓர் ஆள் நிற்கிறார். வீட்டுக்கு வந்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது நான் என்று தெரிந்தது. உடம்பு எப்போதும் ஃபிளாஷுக்குப் பின்னாலும் இருக்கக்கூடாது, முன்னாலும் இருக்கக்கூடாது; கையைப் பக்கவாட்டில் நன்றாக நீட்டி, ஃபிளாஷின் கண்ணாடி கேமராவுக்குத் தெரியாதபடி திருப்பி அடிக்கவேண்டும். ஒரு மரத்துக்கோ தூணுக்கோ பின்னால் ஒளிந்து அடிப்பது இன்னும் உத்தமம்.

ஸ்டாண்டும் டிரிக்கரும்

கேமராவை விட்டு நகர முடியாத இடங்களுக்கு இது. பாறைக்கு அந்தப் பக்கம், கூடாரத்துக்குள், பாழடைந்த வீட்டின் உள்ளறையில் ஃபிளாஷை வைத்துவிட்டு வந்தால் போதும். ரேடியோ அலை சுவரைத் தாண்டிப் போகும். ஒளியைப் பார்த்து இயங்கும் பழைய ரக ஸ்லேவ்களுக்கு (தள்ளி வைத்த ஃபிளாஷை அடிக்கவைக்கும் கருவிகளுக்கு) நேர்ப்பார்வை வேண்டும், மறைவில் வைத்தால் அவை தூங்கும். ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் அதே இடத்தில் அதே அளவில் விழும் என்பது ஸ்டாண்டின் பெரிய பலம். பனோரமாவுக்கு வரிசையாகப் படம் எடுப்பவர்களுக்கும், ஆட்களை நிற்கவைத்துப் பத்துப் பதினைந்து படம் எடுப்பவர்களுக்கும் கையால் அடிப்பது ஒத்துவராது.

பதிலுக்கு இது கேட்கும் கவனம் அதிகம். ஷட்டர் திறந்த உடனே, அல்லது ரியர் கர்ட்டன் வைத்திருந்தால் மூடுவதற்கு முன், டிரிக்கர் ஒரே ஒருமுறைதான் தானாக அடிக்கும். நடுவில் வேண்டுமென்றால் டிரிக்கரின் டெஸ்ட் பட்டனை நாம் அமுக்கவேண்டும். ஃபிளாஷின் தானியங்கித் தூக்கத்தை அணைக்க மறந்தால், கடைசி விநாடியில் அடிக்கவேண்டியது அடிக்காது. நான்கு நிமிடம் போச்சு. அப்புறம் அந்தக் குட்டிச் சிவப்பு விளக்குகள். ஃபிளாஷிலும் ரிசீவரிலும் மினுக்கிக்கொண்டிருப்பவை, சட்டகத்துக்குள் இருந்தால் நீண்ட எக்ஸ்போஷரில் சுற்றியிருக்கும் புல்லையே சிவப்பாக்கிவிடும். கறுப்பு டேப் ஒரு துண்டு எப்போதும் என் ட்ரைபாடின் காலில் சுற்றியிருக்கும்.

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: டிரிக்கரை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். பலத்தைக் கையால் மாற்றக்கூடிய எந்தப் பழைய ஃபிளாஷும் போதும். டிடிஎல் (கேமராவே அளந்து ஃபிளாஷின் பலத்தை வைப்பது) எல்லாம் இந்த வேலைக்குத் தேவையில்லை. கையால் அடித்துப் பழகினால் வெளிச்சம் எந்தக் கோணத்திலிருந்து வந்தால் கல் கல்லாகத் தெரியும் என்பது உடம்புக்கே பிடிபட்டுவிடும். ஸ்டாண்டை முதலில் வாங்கினவர்கள் கேமராவுக்குப் பக்கத்திலேயே அதை நட்டுவிட்டுப் போவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டார்ச்

இதில் எனக்குப் பாதி மனசுதான். ஒடுக்கமான கற்றை கொண்ட டார்ச், ஃபிளாஷ் எட்டாத தூரத்துக்கு எட்டும் என்பது நிஜம். கறுப்புத் தாளைச் சுருட்டி முனையில் செருகினால் ஒரு கதவை மட்டும், ஒரு கல்வெட்டை மட்டும் வெளிச்சமாக்கலாம். ஃபிளாஷில் இவ்வளவு நுணுக்கம் வராது. ஆனால் ஒருமுறை செய்ததை மறுமுறை செய்ய முடியாது. கை ஒரு விநாடி தயங்கின இடத்தில் வெள்ளைத் திட்டு விழும், அவசரப்பட்ட இடம் கறுப்பாக இருக்கும், அது தெரியவே எக்ஸ்போஷர் முழுக்கக் காத்திருக்கவேண்டும். அதிலும் கேமராவில் நீண்ட எக்ஸ்போஷரில் படத்தில் விழும் புள்ளிகளை அகற்றும் இரைச்சல் நீக்கம் இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த நேரம் அளவுக்கே இன்னொருமுறை காத்திருக்கவேண்டும்.

நட்சத்திரத் தடங்களை 30 விநாடிப் படங்களாக நூறு எடுத்துப் பிறகு அடுக்குகிறவர்களுக்கு டார்ச்சின் இந்தக் குறை பெரிதில்லை. முதல் பத்துப் படங்களில் பத்துவிதமாகத் தடவிப் பார்க்கலாம், நன்றாக வந்த ஒன்றை மட்டும் முன்புலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும், டார்ச்சைக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அடிக்காதீர்கள். தலைமேல் ஃபிளாஷுக்குச் சொன்ன குற்றம் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

மங்கலான பேனல்

பால்வீதி எடுக்கும் இரவில்தான் ஃபிளாஷின் சாயம் வெளுக்கிறது. நிலா இல்லாத வானம், 20 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200. நட்சத்திரம் கோடாக நீளாமல் இருக்க 500ஐ லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணால் வகுக்கும் பழைய விதிப்படி 25 விநாடி. இப்போது அந்த கைடு நம்பர் 36 ஃபிளாஷை மிகக் குறைந்த பலமான 1/128இல் வையுங்கள். ஐஎஸ்ஓ 100இல் கைடு நம்பர் சுமார் 3 ஆகிவிடும், ஐஎஸ்ஓ 3200 அதை 18ஆகத் தூக்கும், 2.8ஆல் வகுத்தால் ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது இருப்பதிலேயே சின்ன வெட்டுகூட ஆறு மீட்டர் தள்ளியிருக்கும் பாறையைப் பட்டப்பகல் போல ஆக்கிவிடும். பாறை மூன்று மீட்டரில் இருந்தால் அதற்கும் மேல் இரண்டு ஸ்டாப் அதிகம். நட்சத்திரங்களுக்குக் கீழே இருக்கும் பாறை பகல்போல் இருக்கக்கூடாது, ஒன்றிரண்டு ஸ்டாப் குறைவாக, இருட்டின் ஞாபகத்தோடு இருக்கவேண்டும். ஃபிளாஷின்மேல் கைக்குட்டையைச் சுற்றலாம், சாம்பல் ஜெல் (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) ஒட்டலாம், எதிர்ச்சுவரில் மோதவிடலாம். செய்திருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் கருவியோடு மல்லுக்கட்டுகிற உணர்வுதான்.

எல்இடி பேனலை ஒரு சதவீதத்துக்கு இறக்கி, மேலே ஒரு வெள்ளைத் துணியும் போட்டு, பதினைந்து இருபது மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்தினால் பாறைமேல் நிலா உதித்ததுபோல் ஒரு மென்மையான ஒளி படியும். கண்ணுக்கு அது எரிகிறதா என்றே சந்தேகமாக இருக்கவேண்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 'நன்றாகத் தெரிகிறது' என்றால் அது ஏற்கெனவே அதிகம். இரண்டு பேனல்களை எதிரெதிர்ப் பக்கத்தில், ஒன்றை இன்னொன்றைவிட மங்கலாக வைத்தால் நிழல்கள் கரியாகாமல் இருக்கும். ஒருமுறை அமைத்துவிட்டால் ராத்திரி முழுக்க அசையாமல் அப்படியே எரியும். பக்கத்தில் வேறு யாராவது படம் எடுத்துக்கொண்டிருந்தால் அவர்களும் அதே வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஃபிளாஷ் அடித்தால் அவர்கள் படம் கெடும், கண்ணும் கெடும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு வெட்டு அதை அழித்துவிடும்.

பேனலுக்கு முடியாதது அசைவு. காற்றில் ஆடும் கிளை 25 விநாடியில் பஞ்சாகிவிடும், ஃபிளாஷில் ஒவ்வோர் இலையும் கூராக நிற்கும். சில மரங்களுக்குப் பஞ்சுதான் அழகு என்பதும் உண்டு.

ஆள் நிற்கும் படம்

ஆட்கள் சட்டகத்துக்குள் வந்தால் நான் யோசிக்காமல் ஃபிளாஷைத்தான் எடுப்பேன். 20 விநாடி மூச்சைப் பிடித்து நிற்க யாராலும் முடியாது. நாமும் மூச்சு விடாமல்தான் பார்த்துக்கொண்டிருப்போம், கடைசி விநாடியில் அவர் தும்முவார். ஃபிளாஷ் பட்ட கணத்தில் முகம் உறைந்துவிடும்.

ஆனால் 'ஃபிளாஷ் அடித்தாயிற்று, இனி நீங்கள் போகலாம்' என்று சொல்வதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஆளுக்குப் பின்னால் கறுப்பு இருந்தால் பிரச்சினை இல்லை. அதே ஆளை ஐந்து இடத்தில் நிறுத்தி ஐந்து முறை அடித்து ஒரே படத்தில் ஐந்து பேராக்கலாம். பின்னால் வானமோ நகரத்து விளக்குகளோ இருந்தால், அவர் நகர்ந்தபின் அந்த வெளிச்சம் அவர் உடம்பின்மேல் பதிந்து, சட்டைக்குள் நட்சத்திரம் மின்னும் ஆவியாகிவிடுவார். ஃபிளாஷுக்குப் பிறகும் நிற்கச்சொல்லுங்கள். லேசாக அசைந்தாலும் பரவாயில்லை, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் கசியும். டிடிஎல் வைத்து ரியர் கர்ட்டனில் எடுத்தால் அளவு பார்க்கும் முன்வெட்டு ஒன்று ஆரம்பத்திலேயே அடிக்கும். படம் முடிந்தது என்று நினைத்து ஆள் கிளம்பிவிடுவார், நிஜ வெட்டு காலி இடத்தில் விழும். கையால் பலத்தை வைத்துக்கொண்டால் இந்தக் கூத்து இல்லை.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள், ஃபிளாஷ் 5500 கெல்வின் அருகில். இரவு வானம் பழுப்படிக்காமல் இருக்கக் கேமராவின் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) 4000 பக்கம் வைப்போம், அப்போது வெறும் ஃபிளாஷ் பட்ட மரம் நீலம் பூசியதுபோல் நிற்கும். பாதி அடர்த்தியுள்ள ஆரஞ்சு ஜெல் ஒன்றை ஒட்டினால் சரியாகும். மலிவான எல்இடி டார்ச்சுகளின் பச்சைச் சாயல்தான் பெரிய தலைவலி, கணினியிலும் அது முழுதாகப் போகாது. பேனலில் நிறத்தை மாற்றும் திருகு இருந்தால் பாதி வேலை மிச்சம்.

வண்டி போகிற சாலையை நோக்கி ஃபிளாஷ் அடிக்கவே கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். விலங்குகள் இருக்கும் இடத்திலும் அப்படியே. அமெரிக்காவின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் பாறைகள்மேல் இப்படிச் செயற்கை வெளிச்சம் பாய்ச்சுவதற்கே தடை இருக்கிறது. போகும் இடத்தின் விதியைப் பகலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, எந்த விளக்கும் எட்டாத முன்புலங்கள். அரைக் கிலோமீட்டர் நீளும் பள்ளத்தாக்கு, ஒரு முழு மலைச்சரிவு. 1944இல் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்டு எட்ஜர்ட்டன் இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை இரவில் படம் எடுத்தபோது ஃபிளாஷை விமானத்தில் ஏற்றிப் பறக்கவிட்டார். நமக்கு அது ஆகாது. சூரியன் மறைந்து அரை மணிக்குள் வானில் மிச்சமிருக்கும் நீல வெளிச்சத்தில் முன்புலத்தை ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவை அசைக்காமல் இருட்டும்வரை காத்திருந்து வானத்தை இன்னொரு படம் எடுத்து இரண்டையும் சேர்ப்பதே வழி. இதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. 1956இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஓ. வின்ஸ்டன் லிங்க் நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபிளாஷ் பல்புகளை ஒரே நேரத்தில் எரித்து, திறந்தவெளித் திரையரங்கைக் கடந்து போகும் நீராவி ரயிலைப் படம் எடுத்தார். அவ்வளவு வெளிச்சத்தில் திரையில் ஓடிய படம் வெளுத்துவிட்டது, அதைத் தனியாக எடுத்துத்தான் பிறகு சேர்த்தார். எனக்கு அந்த முன்னுதாரணம் போதும். ட்ரைபாடின் கொக்கியில் பையை மாட்டிவிட்டு, ஃபோகஸ் வளையத்தின்மேல் அந்தக் கறுப்பு டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டிவிட்டு, இருட்டுவதற்காக உட்கார்ந்துவிடுவேன்.